மருத்துவமனை ஏடும் சட்டமும்

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து பணிசெய்பவர் ஆகிய நான்குமே அவை. இன்று ஒரு மருத்துவமனையின் வாயிலில் நுழைந்ததும் நாம் முதலில் காண்பது மருத்துவரையும் அன்று, மருந்தையும் அன்று. பெயர், வயது, முகவரி கேட்டு எழுதிக்கொள்ளும் ஒரு மேசையைத்தான். அங்கே தொடங்கும் ஏடு, நோயாளி வீடு திரும்பிய பின்னும் மருத்துவமனையிலேயே தங்கிவிடுகிறது. இந்த ஏட்டை மருத்துவத்தின் ஐந்தாவது கூறு என்றே சொல்லலாம்.

வணிகவியல் மாணவனாகிய நான் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் துறையில் பட்டம் பெற்று வெளியேறுவோரில் கணிசமானோர் மருத்துவமனைகளின் பதிவு மேசையிலும், பில் கவுண்டரிலும், காப்பீட்டுப் பிரிவிலும், மருந்துக் கடைகளிலும் வேலைக்கு அமர்கின்றனர். வணிகச் சட்டத்தில் நாம் படிக்கும் ஒப்பந்தம், ஒப்புதல், கவனக்குறைவு, இழப்பீடு ஆகிய சொற்கள் யாவும் அங்கே உயிரோடு உலவுகின்றன. ஆதலால் மருத்துவமனைகள் மீது சட்டம் படிப்படியாக என்னென்ன பொறுப்புகளைச் சுமத்தியிருக்கிறது என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறேன். என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். நோயைத் தீர்த்தே ஆகவேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை; தக்க கவனம் செலுத்தியதை எழுத்தில் காட்டு என்றே கேட்கிறது. இப்போது, அந்த எழுத்தையும் பத்திரமாகக் காப்பாற்று என்று கேட்கத் தொடங்கியிருக்கிறது.

சேவை என்ற ஒரு சொல்

நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. பழுதான பொருளை விற்றவர் மீதும், குறைபாடான சேவை அளித்தவர் மீதும் சாதாரண மனிதரும் எளிதில் முறையிட இச்சட்டம் வழிவகுத்தது. மின்விசிறி வாங்கியவருக்கும் வங்கியில் கணக்கு வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும் என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை. மருத்துவர் செய்வதும் ‘சேவை’தானா என்ற வினாவே பெரும் வழக்காயிற்று.

மருத்துவர் தரும் சிகிச்சை இச்சட்டத்தின் பொருளில் சேவை ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்தது. வேறு சில நீதிமன்றங்களும் தேசிய நுகர்வோர் ஆணையமும் மாறான கருத்துக் கொண்டிருந்தன. இறுதியில், இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் 1995 நவம்பர் 13 அன்று முடிவு கூறினர். வி.பி. சாந்தா வழக்கு என்று சட்ட நூல்கள் குறிப்பிடுவது இதனையே.

அத்தீர்ப்பின் நுட்பத்தை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். எசமானர் ஏவியபடி வேலையாள் செய்யும் பணி வேறு. தம் அறிவையும் திறனையும் கொண்டு ஒருவர் பிறருக்குச் செய்து தரும் சேவை வேறு. மருத்துவர் செய்வது இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆகவே கட்டணம் பெற்றுச் செய்யும் சிகிச்சை சட்டத்துக்கு உட்பட்டதாகும். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை இதற்கு உட்படாது. பதிவுக்காக வாங்கும் சிறு தொகை இந்நிலையை மாற்றாது. ஆனால், சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனையில், இலவசமாகச் சிகிச்சை பெறுபவரும் நுகர்வோரே ஆவார். பணம் கொடுப்பவர் செலவில் ஏழைக்கும் சிகிச்சை நடக்கிறது என்பது இதன் அடிப்படை. பணம் கொடுத்தவருக்கு ஒரு நீதி, கொடாதவருக்கு ஒரு நீதி என்று ஒரே கூரையின் கீழ் இருத்தலாகாது என்ற அறமும் இதனுள் அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன்.

அப்படியானால் அரசு மருத்துவமனையில் இலவசச் சிகிச்சை பெற்றவருக்கு வழியே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அவர் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம். மராட்டிய மாநிலத்து அரசு மருத்துவமனை ஒன்றில் 1963இல் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்ட பெண்ணின் வயிற்றில் துணி ஒன்று விடப்பட்டு, அவர் உயிரிழந்தார். அதற்கு அரசே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. இடையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் சென்றன என்பதையும் நாம் மறத்தலாகாது. நுகர்வோர் மன்றங்கள் ஏன் தேவைப்பட்டன என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. நோயாளி தாம் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம் என்பது புதிய சட்டத்தின் பெரும் வசதியாகும். முறையீட்டை இரண்டாண்டுகளுக்குள் செய்தல் வேண்டும். புதிய சட்டத்தில் மருத்துவம் என்ற சொல் வெளிப்படையாக இடம்பெறவில்லையே என்ற வாதம் எழுந்தபோது, சொல் இல்லாவிட்டாலும் பொருள் அடங்கும் என்ற நிலையே 2022இல் உச்ச நீதிமன்றத்தில் உறுதிப்பட்டது. வழக்கறிஞர்கள் இச்சட்டத்துக்கு உட்பட மாட்டார்கள் என்று 2024 மே மாதம் தீர்ப்பளித்த அமர்வு, 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் மறுபடி ஆராயலாம் என்று கூறியது. அதே ஆண்டு நவம்பரில் மூன்று நீதிபதிகள் அதற்குத் தேவையில்லை என்று கூறிவிட்டனர். ஆகவே பழைய தீர்ப்பு நிலைபெற்றிருக்கிறது.

சட்டம் கேட்கும் கவனம்

மருத்துவர் தோற்றால் அவர் குற்றவாளியா? அன்று. எல்லா நோயும் தீர்வதில்லை. எல்லா அறுவையும் வெற்றி பெறுவதில்லை. இதனைச் சட்டம் நன்கு அறியும். 1968இல் முடிவான ஒரு வழக்கில் மருத்துவரின் கடமைகளை உச்ச நீதிமன்றம் மூன்றாக வகுத்தது. ஒரு நோயாளியை ஏற்றுக்கொள்வதா என்று முடிவு செய்வதில் கவனம், என்ன சிகிச்சை என்று தேர்வதில் கவனம், அச்சிகிச்சையைச் செய்வதில் கவனம் என்பன அவை. தொடை எலும்பு முறிந்த ஓர் இளைஞருக்கு மயக்க மருந்து தராமல் எலும்பை இழுத்துப் பொருத்த முற்பட்டதால் நேர்ந்த மரணம் பற்றியது அவ்வழக்கு. மருத்துவர் மீதே பொறுப்பு விழுந்தது.

விபத்தில் அடிபட்டவர் வந்தால், போலீஸ் வரட்டும், வழக்குப் பதிவாகட்டும் என்று காத்திருக்கலாகாது. அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் உயிரைக் காப்பதே முதற்கடமை என்று 1989இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஸ்கூட்டரில் சென்று அடிபட்ட ஒருவரை அருகிலிருந்த மருத்துவமனை ஏற்காமல், சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மற்றொன்றுக்கு அனுப்பியது. அவர் வழியிலேயே இறந்துபோனார். அச்செய்தியே வழக்காக வந்தது.

இழப்பீடு வேறு, சிறைத்தண்டனை வேறு. சாதாரணக் கவனக்குறைவுக்கு இழப்பீடு உண்டு. மருத்துவர் மீது குற்ற வழக்குத் தொடரக் கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருத்தல் வேண்டும் என்று 2005ஆம் ஆண்டு ஜேக்கப் மாத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. மூச்சுத் திணறிய நோயாளிக்குக் கொண்டுவந்த ஆக்சிஜன் உருளை காலியாக இருந்தது என்பதே அவ்வழக்கின் குற்றச்சாட்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு ஐந்தாண்டு வரை சிறை என்று கூறுகிறது. சிகிச்சையின்போது நேர்ந்தால் பதிவு பெற்ற மருத்துவருக்கு இரண்டாண்டு வரை என்று வேறுபடுத்துகிறது.

காலியான உருளை யாருடைய பொறுப்பு என்று சற்றே எண்ணிப் பாருங்கள். மருத்துவரின் அறிவோடு அதற்குத் தொடர்பில்லை. பண்டகசாலை இருப்பு, சரிபார்ப்பு, கையொப்பம் ஆகியவற்றோடுதான் தொடர்பு. நாம் வகுப்பில் படிக்கும் இருப்புப் பதிவேடு அங்கே ஓர் உயிரின் பதிவேடாகிவிடுகிறது!

ஒப்புதல் என்பது கையொப்பம் மட்டுமன்று

ஒப்பந்தச் சட்டத்தில், ஒரே பொருளை ஒரே பொருளில் இருவரும் புரிந்துகொள்வதே ஒப்புதல் என்று படித்திருக்கிறோம். மருத்துவமனையில் அச்சிட்ட தாளில் வாங்கும் கையொப்பம் அத்தகைய ஒப்புதல்தானா?

2008ஆம் ஆண்டு சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை தந்தது. பரிசோதனைக்கென்று மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு பெண் மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியே இருந்த தாயாரிடம் ஒப்புதல் பெற்று, அவருடைய கருப்பையும் கருமுட்டைப் பைகளும் அகற்றப்பட்டன. நோயாளி வயது வந்தவர்; சுயநினைவு திரும்பும் வரை காத்திருக்க இயலாத உயிராபத்து ஏதும் அன்று இல்லை. ஆகவே தாயாரின் ஒப்புதல் செல்லாது என்று நீதிமன்றம் கூறியது. பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் அறுவைக்கு ஒப்புதலாகாது. நோயின் தன்மை, செய்யப்போகும் சிகிச்சை, அதன் அபாயம், மாற்று வழிகள் ஆகியவற்றை நோயாளிக்குப் புரியும்படி சொல்லியிருத்தல் வேண்டும். நல்லெண்ணத்தோடு செய்தாலும், ஒப்புதலைத் தாண்டிச் செய்தது தவறே என்பது முடிவு. மருத்துவருக்குக் கட்டணம் இல்லை என்பதோடு 25,000 ரூபாய் இழப்பீடும் விதிக்கப்பட்டது. தொகை சிறிது, கொள்கை பெரிது.

நம் ஊர்களில் தந்தைக்கு அறுவை என்றால் மகனும், மனைவிக்கு அறுவை என்றால் கணவனும் கையொப்பமிடுவதே வழக்கமாகிவிட்டது. படுக்கையில் இருப்பவரை ஒரு வார்த்தை கேட்பாரில்லை. அவ்வுடல் அவருடையது என்பதைச் சட்டம் நமக்கு நினைவூட்டுகிறது. நோயாளி தமிழ் மட்டுமே அறிந்தவராயின் ஒப்புதல் படிவமும் தமிழில் இருத்தலே முறை. படிக்கத் தெரியாதவராயின் படித்துக் காட்டி, அவ்வாறு படித்துக் காட்டியதையும் எழுதி வைத்தல் நலம்.

ஏட்டைக் கேட்டுப் பெறும் உரிமை

மருத்துவர்களின் நடத்தை பற்றிய 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் இரு விதிகளை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். உள்நோயாளியின் மருத்துவப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்றாண்டுகள் காத்து வைத்தல் வேண்டும் என்பது ஒன்று. நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால், 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தருதல் வேண்டும் என்பது மற்றொன்று. 2023இல் வெளியான புதிய ஒழுங்குமுறைகள் சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டு, 2002ஆம் ஆண்டு விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன.

இவ்விதியின் பயனை நான் வீட்டிலேயே கண்டேன். என் தாய்மாமனுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் பித்தப்பை அறுவை நடந்தது. வீடு திரும்பிய இரு வாரத்தில் கடும் காய்ச்சல் கண்டது. வேறு ஊரில் பார்த்த மருத்துவர், “அறுவையின்போது என்ன பார்த்தார்கள்? என்ன ஊசி போட்டார்கள்?” என்று கேட்டார். எங்கள் கையில் இருந்தவை பில்லும், ஒரு பக்க டிஸ்சார்ஜ் சம்மரியும்தாம். முதல் மருத்துவமனையில் கேட்டதற்கு, “கேஸ் ஷீட்டை வெளியே தருகிற வழக்கம் இல்லை” என்றார்கள். செய்த ஸ்கேனையே மறுபடி செய்தோம். செலவும் இருமடங்கு, அலைச்சலும் இருமடங்கு. பின்னர் இவ்விதியைக் குறிப்பிட்டு, தேதியிட்டு, மாமா கையொப்பத்தோடு ஒரு பக்க மனு கொடுத்தோம். மூன்றாம் நாள் முழுப் படியும் கிடைத்தது. கேட்டுவாங்கியதில் சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. உரிமையைத் தெரிந்து கேட்பவருக்கும் தெரியாமல் கேட்பவருக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவே.

மருத்துவமனைக்கும் ஏடு பகையன்று. வழக்கு என்று வந்துவிட்டால், நேரமும் கையொப்பமும் உள்ள நேர்மையான பதிவே மருத்துவரின் முதல் சாட்சி. பதிவைக் காட்ட மறுப்பவர் மீதும், திருத்தி எழுதியவர் மீதும் ஆணையங்கள் ஐயம் கொள்வது இயற்கையே அன்றோ?

கணிப்பொறிக்குள் புகுந்த ஏடு

காகிதத்தில் இருந்தவரை ஏட்டைத் திருட ஒருவர் அறைக்குள் நுழைய வேண்டியிருந்தது. இன்று கணிப்பொறியில் இருக்கும் ஏட்டை உலகின் எம்மூலையிலிருந்தும் பூட்டிவிடலாம். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நடந்தது இதுவே. ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தகவல்களைத் தாக்கியவர்கள் பூட்டிவிட்டதாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. நாட்டின் தலைசிறந்த மருத்துவமனையில் பல நாட்கள் பதிவுகள் கையால் எழுதப்பட்டன. இத்தகைய தாக்குதலை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் மைய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ஆணை 2022 ஏப்ரலிலேயே வெளியாகியிருந்தது.

ஒருவரின் நோய் பிறருக்குத் தெரிந்தால் என்ன கேடு என்று சிலர் கேட்கலாம். சென்னையில் ஒரு மருத்துவமனையில் இரத்தம் கொடுக்க முன்வந்த ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்து, செய்தி வெளியே பரவி, நிச்சயித்த திருமணம் நின்றது; சமூகத்தில் அவர் தலைகாட்ட இயலாமற்போயிற்று. 1998இல் உச்ச நீதிமன்றம், மணக்கவிருந்த பெண்ணின் உயிர்நலமே பெரிது என்று கூறி மருத்துவமனையின் பக்கம் தீர்ப்பளித்தது. பின்னர் வந்த 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம், யாரிடம், எந்நிலையில், எவ்வாறு தெரிவிக்கலாம் என்று வரம்பு கட்டியது. அதே 2017இல்தான் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினர்.

அவ்வழியில் வந்ததே 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; நிறுவனங்கள் மீதான முதன்மைக் கடமைகளுக்கு அதிலிருந்து பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது. தகவலைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றித் தெரிவித்து, முழு விவரத்தை 72 மணி நேரத்துக்குள் வாரியத்திடம் தருதல் வேண்டும். உயிருக்கு ஆபத்தான அவசரநிலையில் ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்ற விலக்கும் உண்டு.

இச்சட்டத்தில் ஒரு பெருங்குறை இருப்பதையும் கூறாதிருக்க இயலவில்லை. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவு, உடல்நலத் தகவல் போன்ற நுண்ணிய தகவல்களைக் காக்கத் தவறிய நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரவேண்டும் என்றது. புதிய சட்டம், தன் முழுக் கடமைகளும் நடைமுறைக்கு வரும்போது, அப்பிரிவை நீக்கிவிடுகிறது. அபராதத் தொகை அரசின் கருவூலத்துக்குச் செல்லும். மானம் இழந்த நோயாளிக்கு இச்சட்டத்தின் கீழ் ஒரு காசும் இல்லை. பல் மருத்துவரின் குறிப்பும் பற்பசை விற்பவரின் பட்டியலும் ஒரே வகைத் தகவலாகவே கருதப்படுகின்றன. அடித்தவனிடம் அபராதம் வாங்கினால் அடிபட்டவனின் காயம் ஆறிவிடுமா?

மருத்துவர் தரப்பு

மறுபக்கத்தையும் நடுநிலையோடு நோக்க வேண்டும். வழக்குக்கு அஞ்சும் மருத்துவர் தேவைக்கு மேல் பரிசோதனைகளை எழுதுகிறார். அச்செலவும் நோயாளியின் தலையில்தான் விழுகிறது. பெரிய மருத்துவமனை சட்ட அலுவலரை வைத்துக்கொள்ளும். சிற்றூரில் பத்துப் படுக்கைகளோடு நடத்துபவர் தாமே மருத்துவர், தாமே நிர்வாகி. மருத்துவக் கழிவை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் எனப் பிரித்து 48 மணி நேரத்துக்குள் அப்புறப்படுத்தச் சொல்லும் 2016ஆம் ஆண்டு விதிகள் முதல், கணிப்பொறித் தகவல் வரை அனைத்தையும் அவரே பார்க்க வேண்டும். அவர்களுக்கு எளிய தமிழில் வழிகாட்டி நூல்களும், மாவட்ட அளவில் பயிற்சியும் அரசு தரவேண்டும் என்பது என் கருத்து. சுமையைக் காட்டிப் பொறுப்பைக் கைவிடச் சொல்வது முறையாகாது. சுமையைத் தாங்கும் வழியைக் காட்டுவதே முறை.

நம் கடமை

மாணவ நண்பர்களே! நாளை நம்மில் ஒருவர் மருத்துவமனை மேசையில் அமரும்போது சில பழக்கங்களை முதல் நாளிலிருந்தே மேற்கொள்ளலாம். நேரம் குறிப்பிடாமல் எதையும் எழுதலாகாது. எழுதியதை அழித்தலாகாது, ஒரே கோட்டால் அடித்து, அருகில் சரியானதை எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஒருவரின் ஸ்கேன் படத்தைச் சொந்தக் கைபேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாகாது. கடவுச்சொல்லை மேசை மேல் ஒட்டி வைத்தலாகாது. நோயாளி தம் ஏட்டைக் கேட்டால் முகம் சுளிக்காமல் மனுவைப் பெற்றுத் தேதியிட்டு ஒப்புகை தரவேண்டும். இவற்றுள் ஒன்றுக்கும் பெரும் பொருட்செலவு இல்லை.

நோயுற்றவர் தம் உடலை மருத்துவரிடம் ஒப்படைக்கிறார். தம் இரகசியத்தை நம்மைப் போன்ற எழுத்தரிடம் ஒப்படைக்கிறார். முன்னதைக் காப்பது மருத்துவரின் கல்வி. பின்னதைக் காப்பது நம் கல்வியாக இருக்கட்டும்.